வெள்ளை போர்டு சொந்தம்

அவள் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் தெரியாத ஒரு பெண்ணுக்கு நான் இரண்டு வருஷம் பெரியப்பாவாக இருந்தேன். காலையில் ஒரத்தநாட்டில் வண்டி ஏறினால் பெரியப்பா, தஞ்சாவூரில் இறங்கினால் யாரோ ஒரு ஆள். நடுவில் ஓடுகிற அந்த முக்கால் மணி நேரம்தான் எங்கள் உறவு.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் பட்ட வெட்கம் உங்களுக்கு விளங்காது. ஐந்தாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. போர்வெல் போடுகிற வண்டியில் கூலிக்கு நின்று இரும்புக் குழாய் தூக்கினவன். இன்றைக்கு ஒரத்தநாட்டில் மோட்டார், பைப் கடை ஒன்று. தஞ்சாவூரில் அதைவிடப் பெரிதாக ஒன்று. யார் கொல்லையில் எத்தனை எச்.பி. மோட்டார் ஓடுகிறது, எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது, எந்தக் கோடையில் காயில் கருகியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் மகன் கம்ப்யூட்டரைத் தட்டித் தேடிக்கொண்டிருப்பான், நான் வாயால் சொல்லி முடித்து, வந்தவருக்கு டீயும் வாங்கிக் கொடுத்திருப்பேன். என்னுடைய படிப்பு, பட்டம், மூலதனம் எல்லாம் இந்த ஞாபகம்தான் என்று எல்லோரிடமும் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

அப்பேர்ப்பட்டவன் ஷேர் வண்டியில் போனது எப்படி என்றால், கண்ணில் புரை எடுத்த பிறகு டாக்டர் கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். மகன் அப்போது திருச்சியில் குடியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். "உங்களுக்கு எதுக்குப்பா கார்? வாசல்ல நின்னா பஸ்ஸு" என்றான். பஸ்ஸு இருக்கிறது. ஆனால் காலை நேரத்து பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் கடையில் பைப் வாங்கினவன் உட்கார்ந்திருக்க, அவன் தோளில் இடித்துக்கொண்டு நான் நிற்பதா? அதனால் பஸ் நிறுத்தத்தில் நிற்காமல், கொஞ்சம் தள்ளி மருந்துக்கடை ஓரமாக, யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி நின்றேன். அந்த இடத்தில்தான் ஷேர் வண்டிகளும் நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

"பெரியப்பா, தஞ்சாவூரா? ஒரு சீட்டு இருக்கு, வாங்க."

முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, தோளில் பெரிய பை, கழுத்தில் அடையாள அட்டை. அட்டையை எப்போதும் முதுகுப் பக்கம் திருப்பிப் போட்டிருப்பாள். தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை என்று பின்னால் தெரிந்தது.

"எனக்குக் கார் வருதும்மா" என்றேன்.

மறுநாளும் கூப்பிட்டாள். மறுநாளும் எனக்குக் கார் வந்துகொண்டிருந்தது. அதற்கு அடுத்த நாள் அவள் வண்டியிலிருந்து இறங்கியே வந்துவிட்டாள்.

"ஏறி உட்காருங்க பெரியப்பா. உங்க கார் பின்னாடி வந்துச்சுன்னா நடுவழியில நிறுத்தச் சொல்லி மாறிக்கலாம். நாங்க ஒண்ணும் தப்பா நினைச்சுக்க மாட்டோம்."

உள்ளே இருந்த ஐந்தாறு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் ஏறினேன். காரை சர்வீஸுக்கு விட்டிருப்பதாக உள்ளே எல்லோருக்கும் சொன்னேன். ஒரு மாசம் கழித்து அவள் கேட்டாள்: "ஏன் பெரியப்பா, உங்க கார் சர்வீஸ்லயே பொறந்து சர்வீஸ்லயே வளருதா?" அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

அது ஏழு சீட்டு வண்டி, வெள்ளை போர்டு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆள் ஏற்றிக் காசு வாங்குகிற வண்டிக்கு நம்பர் பலகை மஞ்சளாக இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் அது சொந்த வண்டி, வீட்டு ஆட்கள் போகலாம், அவ்வளவுதான். வண்டிக்காரத் தம்பி அதிராம்பட்டினத்துப் பையன். வளைகுடாவில் டிரைவராக இருந்து, கம்பெனி மூடி ஊர் திரும்பி, தவணையில் இந்த வண்டியை எடுத்திருந்தான். மஞ்சள் போர்டு போடுகிற அளவுக்குக் கையில் தெம்பில்லை. ஆர்.டி.ஓ. பிடித்தால் வண்டி போய்விடும். தவணை நிற்காது, வண்டி நின்றுவிடும். இதே தடத்தில் முன்னே ஓடின இரண்டு வண்டிகள் ஆபீஸ் வாசலில் டயர் இறங்கி, வேப்பஞ்சருகு மூடிக் கிடந்தன. அந்த இடம் வரும்போது தம்பி மட்டும் நேரே ரோட்டைப் பார்த்து ஓட்டுவான்.

அதனால்தான் அந்த ஏற்பாடு. வண்டி கிளம்புவதற்கு முன் அவள் பின்னால் திரும்பி ஒவ்வொருவராகப் பார்ப்பாள். நெற்றி, கையில் இருக்கிற பை, காலில் இருக்கிற செருப்பு எல்லாம் பார்ப்பாள். பிறகு உறவு பிரித்துக் கொடுப்பாள்.

"இவர் பெரியப்பா. அக்கா, நீங்க பெரியம்மா வழி. பாப்பா, நீ எனக்கு நாத்தனார் பொண்ணு. மாமா, நீங்க அவளுக்குத் தாய்மாமன், கேட்டா முழிக்கக் கூடாது. எல்லாரும் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போறோம்."

"தினமும் நிச்சயதார்த்தமா?" என்று கால்நடைக் கல்லூரியில் படிக்கிற பெண் கேட்டாள்.

"சரி, நாளைக்கு வளைகாப்பு. உனக்கு வேணாம்னா எனக்குன்னு வச்சுக்க."

"அக்கா, தாடி வச்சிருக்கேன், என்னை என்ன சொல்லுவீங்க?" என்பான் தம்பி.

"நீ எங்க வீட்டுக்காரரோட சிநேகிதன். துபாய்ல ஒரே ரூம். நீதான் அவருக்குச் சோறு பொங்கிப் போட்ட."

"உங்க வீட்டுக்காரர் தஞ்சாவூரைத் தாண்டினது இல்லைன்னீங்களே?"

"அதெல்லாம் ஆர்.டி.ஓ.வுக்கு எதுக்குச் சொல்லணும்?"

யாரையும் புருஷன் பொண்டாட்டி என்று மட்டும் சொல்ல மாட்டாள். "அது வேணாம், அப்புறம் நெஜமாவே சண்டை வந்துரும்" என்பாள்.

முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. எந்த ஊர், யார் வீட்டு ஆள் என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை எப்படிச் சொந்தம் என்று சொல்வது? அதை அவளிடம் கேட்டேன். "சொல்றதுக்கு வாய் போதும் பெரியப்பா. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். நான் என்ன அர்த்தத்தில் கேட்டேன் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள் கொடுத்த உறவை அவளே காப்பாற்றவும் செய்வாள். ஒருநாள் ஒரு ஆள் முன்சீட்டுதான் வேண்டும் என்று, முழங்கால் வலியோடு இருந்த ஒரு அம்மாவிடம் எகிறினார். அவள் சத்தமே போடவில்லை. "மாமா முறையில இருந்துக்கிட்டு இப்படிப் பேசலாமா மாமா? நாளைக்கு அவங்க வீட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா நீங்கதானே முன்னால நிக்கணும்?" என்றாள். அந்த ஆள் பேசாமல் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார். அந்த அம்மா யார் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். எனக்கே அந்த வண்டியில் ஒரு குடும்பத்தலைவன் மாதிரி மிதப்பு வந்துவிட்டது. வாரத்துக்கு ஒருநாள் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுப்பேன்.

அந்த மிதப்பில்தான் ஒரு தடவை அவமானப்பட்டேன். தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் அவளைப் பார்த்தேன். என்னோடு என் கடை வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். "என் தம்பி மக, ஸ்கேன் சென்டர்ல பெரிய பொறுப்புல இருக்கா" என்று அவரிடம் சொல்லிவிட்டு, "என்னம்மா, ஜவுளி எடுக்க வந்தியா?" என்று உரக்கக் கேட்டேன். அவள் திரும்பினாள். பக்கத்தில் ஒரு ஆள் நின்றார். "வணக்கம் சார்" என்றாள். அவ்வளவுதான். கடைக்குள் போய்விட்டாள். வாடிக்கையாளர் என்னைப் பார்த்தார், நான் தெருவைப் பார்த்தேன்.

மறுநாள் வண்டியில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவளே ஆரம்பித்தாள்.

"பெரியப்பா, வண்டியை விட்டு இறங்கினா நீங்க யாரோ நான் யாரோ. எங்க வீட்டுக்காரர் கூட இருந்தாரு. யாரு இந்தப் பெரியப்பான்னு கேட்டா நான் வம்சாவளி சொல்லணும். ஏற்கெனவே இருக்கிற சொந்தத்துக்கே என்னால பதில் சொல்லி மாளலை."

"அதுக்காக வணக்கம் சார்னா சொல்லுவ?"

"பின்ன, கால்ல விழணுமா?"

நெஜச் சொந்தம் என்றாலே அவளுக்கு ஆகாது. நிறையப் பேர் இருந்தார்கள் போலிருக்கிறது. போனில் அடிக்கடி சத்தம் கேட்கும், அவள் "ம்", "சரி", "ஆமா" என்று மட்டும் சொல்வாள். வைத்த பிறகு தம்பியிடம், "ஏசியைக் கூட்டு, தலை காயுது" என்பாள். ஒரு மழைநாளில் நிறுத்தத்தில் ஒரு பெரியவர் குடையில்லாமல் நின்று கை காட்டினார். வண்டியில் இடம் இருந்தது. காலி சீட்டோடு வண்டி போவதை அவள் ஒருநாளும் பொறுக்க மாட்டாள். அன்றைக்கு, "போ தம்பி, நிறுத்தாத" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் நான் கேட்டேன், யாரும்மா அது என்று.

"சித்தப்பா."

"எந்தச் சித்தப்பா? நம்ம வண்டிச் சித்தப்பாவா?"

"இல்லை. எங்க அப்பா கூடப் பொறந்தவர்."

 நான் பெரிய மனுஷன் இல்லையா, புத்தி சொன்னேன். ஆயிரம் இருந்தாலும் ரத்த சம்பந்தம், மழையில் விட்டுவிட்டு வரலாமா, நாளைக்கு ஒரு நாள் வருத்தப்படுவாய் என்று புதாற்றுப் பாலம் வரைக்கும் பேசினேன். வண்டியில் எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு ஒரு கூடப் பிறந்த தங்கை உண்டு, பக்கத்து ஊர்தான், அவளோடு நான் பேசிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது என்று அந்த வண்டியில் ஒருவருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அந்தத் தங்கை ஒருநாள் எங்கள் வண்டியில் ஏறினாள்.

சம்பா அறுவடை முடிந்த நேரம். ரோட்டில் ஒரு பாதியில் நெல் காயப் போட்டிருந்தார்கள், மீதிப் பாதியில் வண்டிகள் ஊர்ந்தன. பஸ்கள் எல்லாம் தாமதம். பாதி வழியில் ஒரு நிறுத்தத்தில், புளியமரத்தடியில் ஒரு அம்மா கையில் மஞ்சப்பையோடும் பெரிய ஆஸ்பத்திரிக் கவரோடும் நின்றாள். ஆபரேஷனுக்குப் பிறகும் எனக்குக் கண் மங்கல்தான், தூரத்தில் அடையாளம் தெரியவில்லை. வண்டி நின்று கதவு திறந்த பிறகுதான் தெரிந்தது. முடி பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. எங்கள் அம்மா மாதிரியே ஆகியிருந்தாள்.

அவளும் என்னைப் பார்த்தாள். ஏறுவதற்குத் தூக்கின காலைக் கீழே வைத்துவிட்டாள். "நான் பஸ்ஸுலயே வர்றேன்" என்றாள்.

"எந்த பஸ்ஸும்மா? மத்தியானம்தான் வரும்" என்று ஸ்கேன் சென்டர்க்காரி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். என் பக்கத்தில்தான் இடம். தங்கை கவரை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. ஸ்கேன் சென்டர்க்காரி இவள் வழக்கம் போலத் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, ஒண்ணும் பயப்படாதீங்க. வழியில யாராச்சும் நிறுத்திக் கேட்டா இவர் உங்க அண்ணன். உங்க ரெண்டு பேருக்கும் மூக்கு கூட ஒரே மாதிரி இருக்கு, நல்லாப் பொருந்தும். அண்ணன்னு சொல்லிடுவீங்கல்ல?"

"சொல்றேன்" என்றாள் என் தங்கை, வெளியே பார்த்தபடி.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். என்ன என்று சொல்வது? இத்தனை பேர் முன்னால், இவள் நெஜமாகவே என் தங்கை என்றா? அப்படியானால் ஏன் பேசவில்லை என்று கேட்பார்களே. புத்தி சொன்ன வாய் அல்லவா என்னுடையது.

சண்டை எதற்கு என்றால், அவள் பெண் வயசுக்கு வந்த சடங்கு. தாய்மாமன் சீர் என்னுடையது. பேண்டு வாத்தியம், டிராக்டர் நிறையத் தட்டு, ஊரே வேடிக்கை பார்க்கப் போனேன். பந்தலில் முதல் மாலை தாய்மாமனுக்குத்தான் விழ வேண்டும். மச்சான் அவர் குத்தகைக்கு உழுகிற நிலத்துக்காரருக்கு முதல் மாலையைப் போட்டுவிட்டு, இரண்டாவதாக என்னைக் கூப்பிட்டார். நான் சீர்த்தட்டுகளைத் திரும்ப டிராக்டரில் ஏற்றச் சொல்லிவிட்டேன். நான் செய்தது சரி என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். அல்லது என் முன்னால் அப்படிப் பேசினார்கள். பிறகு அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமும் ஆனது, நான் போகவில்லை.

நெல் கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்தில், லாரிகளுக்குப் பின்னால் ஆர்.டி.ஓ. ஜீப் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. கை காட்டி ஓரங்கட்டினார்கள். ஆய்வாளர் நடுவயசுக்காரர், நிதானமான ஆள். வண்டியைச் சுற்றி வந்தார்.

"வெள்ளை போர்டு. ஏழு பேரு. யார் யாருப்பா இவங்க எல்லாம்?"

"எங்க குடும்பம்தான் சார்" என்றாள் இவள், கதவைத் திறந்து இறங்கிக்கொண்டே. "நிச்சயதார்த்தம். தம்பி எங்க வீட்டுக்காரரோட சிநேகிதர்."

எல்லோரையும் கீழே இறக்கி, நெல்லை மிதிக்காமல் ஓரமாக வரிசையாக நிற்கச் சொன்னார். ஒவ்வொருவராகக் கேட்டார். அடடா, என்ன பதில்கள்! கல்லூரிப் பெண் மாமாவின் செல்லப்பெயரைக் கூடச் சொன்னாள். அந்த மாமா, "இவ சின்னதுல என் தோள்லயேதான் சார் தூங்குவா" என்றார். ஒருவரை ஒருவர் போன மாசம்தான் முதல் தடவை பார்த்திருந்தார்கள். ஆய்வாளரே லேசாகச் சிரித்தார். தம்பியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. கடைசியில் எங்களிடம் வந்தார்.

"பெரியவரே, இவங்க யாரு?"

"என் தங்கச்சி."



"ஒண்ணுவிட்ட தங்கச்சியா?"

"இல்லைங்க, கூடப் பொறந்தவ."

"ஏம்மா, அப்படியா?"

என் தங்கை தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க" என்றாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் நிற்கிற அளவு இடைவெளி இருந்தது. அதை அவர் பார்த்தார்.

"தங்கச்சி தஞ்சாவூருக்கு எதுக்குப் போறாங்க? கையில ஆஸ்பத்திரிக் கவர் இருக்கே. உடம்புக்கு என்ன?"

எனக்குத் தெரியவில்லை.

"தங்கச்சிக்கு எத்தனை பேரப்பிள்ளைங்க?"

தெரியவில்லை.

"பேரு?"

நாலு தாலுகாவில் ஓடுகிற மோட்டாரின் வயசு சொல்கிற நான், வாயைத் திறந்து மூடினேன்.

"நீங்க சொல்லுங்கம்மா. அண்ணன் வீட்டுல பேரன் பேத்தி?"

"தெரியாதுங்க" என்றாள்.

"உங்க அப்பா பேரு?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். ஒரே பெயர். அவர் கையைத் தட்டிச் சிரித்தார்.

"இதை மட்டும் நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஆதார் அட்டை இருந்தா காட்டுங்க பார்ப்போம்." தங்கையின் அட்டையில் அப்பா பெயருக்குப் பதில் அவள் புருஷன் பெயர் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டார். "மத்தவங்க எல்லாம் நல்லாப் பாடம் பண்ணியிருக்கீங்க. இந்த ரெண்டு பேருதான் பொய்யே சொல்லத் தெரியாம மாட்டிக்கிட்டாங்க. தம்பி, சாவியைக் குடு."

தம்பி சாவியை எடுக்கவில்லை. "சார்... சார்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு ஆண்பிள்ளையின் உதடு அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை. நான் முன்னால் போய், "நான் யார் தெரியுமா? ஒரத்தநாட்டுல வந்து என் பேரைச் சொல்லிக் கேளுங்க" என்று ஆரம்பித்தேன். அதற்குள் இவள் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"சார், இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது. பெரியப்பாவுக்கு ஞாபகம் போச்சு. கொஞ்ச நாளா யாரையும் தெரியலை. நிச்சயதார்த்தம்னு சொன்னது அவருக்காக. ஆஸ்பத்திரின்னா வர மாட்டாரு. தலை ஸ்கேன் எடுக்கத்தான் கூட்டிட்டுப் போறோம், அதான் அந்தக் கவர். நான் அங்கதான் வேலை பார்க்கிறேன், பாருங்க." முதுகிலிருந்து அட்டையை முன்னால் திருப்பினாள். அந்த அட்டையை அன்றைக்குத்தான் முதல்முதலாக அவள் திருப்பி நான் பார்த்தேன். கண்ணாடி போடாததால் பெயரைப் படிக்க முடியவில்லை.

ஆய்வாளர் சாவிக்கு நீட்டின கையை மடக்கினார். என் பக்கத்தில் வந்து, குழந்தையிடம் பேசுகிற மாதிரி குனிந்து கேட்டார்:

"ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?"

வியாழக்கிழமை. வியாழக்கிழமை வல்லத்துக்கு ஒரு மோட்டார் அனுப்ப வேண்டும், ஐந்து எச்.பி., போன ஆடியில் ரீவைண்டிங் பண்ணினது. எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. தம்பியைப் பார்த்தேன். கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டு வேடிக்கை பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் என் கடைக்கு வருகிறவர்கள்.

"தெரியலைங்க" என்றேன்.

"அடப்பாவமே" என்றது மூட்டைக் கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

ஆய்வாளர் என் தங்கையைப் பார்த்தார். "நெஜமாம்மா?"

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"நெஜம்தாங்க. ரொம்ப வருஷமா இப்படித்தான் இருக்காரு. எங்க யாரையும் அவருக்குத் தெரியலை."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல், உடம்பு குலுங்க அழுதாள். அம்மா செத்த அன்றைக்கு அழுத மாதிரி.

அவர் தொப்பியை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டார். "பெரியவரைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க. தம்பி, மெதுவா ஓட்டு" என்றார்.

வண்டி பாலம் தாண்டியது. பிறகு ஒரே சிரிப்பு. தம்பி ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, "அல்லாவே, அல்லாவே" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். வழிகிற கண்ணைத் துடைக்கக் கூட இல்லை. அவள் பின்னால் திரும்பி, என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, என்னமா நடிச்சீங்க! அந்த அழுகையைப் பார்த்து எனக்கே தொண்டை அடைச்சிருச்சு. பெரியப்பா, நீங்க மட்டும் என்ன? நெஜமாவே ஞாபகம் போன மாதிரி முழிச்சீங்களே! தினம் வாங்கம்மா, உங்களுக்கு நான் சீட்டுப் பிடிச்சு வைக்கிறேன்."

"பார்க்கலாம்" என்றாள் தங்கை.

கவர் மறுபடி எங்களுக்கு நடுவில் இருந்தது. அதன் மேல் பெரிய எழுத்தில் தங்கையின் பெயர் எழுதியிருந்தது. என்ன உடம்புக்கு என்று கேட்க வேண்டும். ஒரு வரிதான். ஒரத்தநாடு பஸ் நிலையமே கேட்கும்படி பேசுகிற எனக்கு அந்த ஒரு வரி வரவில்லை. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அவள் இறங்கினாள். கதவைச் சாத்துவதற்கு முன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. முன்சீட்டு ஜன்னலுக்குப் போய் இவளிடம், "அவருக்குக் குடிக்கத் தண்ணி குடும்மா. வெயில்ல நின்னாரு, மயக்கம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தங்கைக்குக் கழுத்தில் ஒரு கட்டி, பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்றுதான் எழுத முடிகிறது.

மறுநாள் வண்டிக்குப் போகக் கால் வரவில்லை. ஆனாலும் போனேன். அந்தப் புளியமரத்தடி நிறுத்தம் வந்தது. என் தங்கை நின்றிருந்தாள், அதே மஞ்சப்பை. தம்பி வேகத்தைக் குறைத்தான். அவள் வண்டியைப் பார்த்ததும் திரும்பி மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். இவள் கதவைத் திறந்து, "அம்மா, வாங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். "பஸ்ஸுல வர்றேன்" என்று குரல் மட்டும் வந்தது. நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அந்த நிறுத்தத்தில் இன்னொரு பெண் நின்றிருந்தாள். வயல் வேலைக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள், மேல்சட்டை போட்டு, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. காலி சீட்டோடு வண்டி போகாது. அவளை என் பக்கத்தில் ஏற்றினாள்.

"பெரியப்பா, நேத்து வந்தவங்க இனிமே வர மாட்டாங்க போலிருக்கு. பரவாயில்லை. இன்னைக்கு இவங்கதான் உங்க தங்கச்சி."

வண்டி கிளம்பியது. நான் நகர்ந்து உட்கார்ந்து, அந்தப் பெண்ணுக்கு நன்றாக இடம் விட்டேன்.

"உனக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று கேட்டேன்.

"ரெண்டுங்க."

"பேரு சொல்லு."

பெரியவன் கார்த்தி, ஐ.டி.ஐ. படிக்கிறான். சின்னவள் வெண்ணிலா, எட்டாவது. அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பெயர்கள் மறக்கவில்லை.